பச்சைக் காம்பு

துருவைப் பற்றி நிறையப் பேர் தவறாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். துரு என்றால் எல்லாம் ஒன்று என்று நினைப்பு. சிவப்புத் துரு வேறு, கறுப்புத் துரு வேறு. சிவப்பு இரும்பைத் தின்னும். கறுப்பு இரும்பின் மேல் தோல் போலப் படிந்து, சிவப்பை உள்ளே விடாமல் காக்கும். பழைய கோடாரி ஒன்று கைக்கு வந்தால் சிவப்பை மட்டும் எடுத்துவிட்டுக் கறுப்பை அப்படியே விட வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். உங்கள் மேசையில் இருக்கிற ஸ்டேப்ளரில் பிடித்திருப்பது சிவப்பு. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். நீங்கள் விட மாட்டீர்கள், அது வேறு விஷயம்.

நான் ஸ்டேஷனுக்கு வந்தது ஒரு சின்னத் திருத்தத்துக்காக. போன வாரம் எங்கள் வீட்டுக் கொல்லையில் என் தங்கை இறந்துபோனாள். அவள் கணவர் விறகு வெட்டிக்கொண்டிருந்தார். கோடாரியின் தலை காம்பிலிருந்து கழன்று பறந்தது. எதிரே நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தவளுக்குக் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவில் பட்டது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு வந்த உங்கள் ஆட்களில் ஒருவர், மீசையை முறுக்கி விட்டிருப்பாரே, அவர் அந்தக் காம்பைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டு, "உளுத்துப்போன காம்பு சார், பழசு" என்றார். நீங்களும் தலையாட்டினீர்கள்.

அது உளுத்த காம்பு இல்லை. பழசும் இல்லை. அதைச் செதுக்கியவன் நான். என் கையால் போட்ட காம்பு எதுவும் இதுவரை தானாகக் கழன்றதில்லை. மாப்பிள்ளை இங்கே வந்து, "என் தப்புதான், நான்தான் தண்ணியில ஊறப்போட்டேன்" என்று அழுதாராமே. அவர் செய்த தப்புகள் எவ்வளவோ உண்டு, இது அவருடையது இல்லை. என் வேலைக்கு இன்னொருவர் பேர் வாங்கிக்கொள்வதை ஏற்கெனவே நான் நிறையப் பொறுத்துக்கொண்டாயிற்று.

என் தொழில் பல் கட்டுவது. பல் மருத்துவர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். நான் என் மேசையில் உட்கார்ந்து பல் செய்து அனுப்புவேன். யார் வாய், எப்படி முகம், எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. மயிரிழை பிசகினாலும் சாப்பிடும்போது பல் ஆடும், ஆள் திட்டிக்கொண்டே திரும்பி வருவான். என்னிடம் அப்படி யாரும் திரும்பி வந்ததில்லை. மருத்துவர்கள் என்னைப் பல்லுக்காரர் என்பார்கள், எதிரில் வைத்துக்கொண்டே. நான் கண்டுகொள்வதில்லை.

அந்த வேலை முடிந்தால் பழைய கருவிகள். கோடாரி, கைக்கோடாரி, உளி, இழைப்புளி, ரம்பம். இடித்த வீட்டுச் சாமான்கள் விற்கும் கிடங்குகளிலும் பழைய இரும்புக்கடைகளிலும் கிடைக்கும். வீட்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு கொட்டகை உண்டு. சுவர் முழுக்க ஆணி, ஆணிக்கு ஒரு கருவி. மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பித்தளைத் தூரிகையால் தேய்ப்பேன். வெட்டுகிற வாய்ப்பகுதியைக் கல்லில் கையால்தான் தீட்டுவேன். மின்சாரச் சாணையைக் கொட்டகைக்குள் விட்டதில்லை. கோடாரியின் வாயை அதைச் செய்த கொல்லர் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து இறுக்கியிருப்பார். மின்சாரச் சாணையில் வைத்தால் சூடேறி நீலம் பாயும். நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இறுக்கம் போயிற்று, யாராலும் கொண்டுவர முடியாது. பார்க்க மட்டும் பளபளவென்று இருக்கும்.

வேலை செய்யும்போது நான் கருவிகளோடு பேசுவேன். தங்கம், கண்ணு என்றெல்லாம் வாயில் வந்துவிடும். மனிதர்களிடம் எனக்கு அந்தச் சொற்கள் வருவதில்லை. இது உலகத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும். சின்ன வயதில் கொட்டகை வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். அப்போது அவள் சிரிக்கவில்லை.

தங்கையை வளர்த்தது நான்தான். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அவளுக்குத் தன் செருப்பை மாட்டிக்கொள்ளக்கூடச் சரியாகத் தெரியாத வயது. தலை பின்னிவிடக் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக் கூட்டங்களுக்கு நான்தான் போய் உட்கார்ந்திருப்பேன், அம்மாக்களுக்கு நடுவில். அவளை ஓர் அடி அடித்ததில்லை. அடிக்க வேண்டியும் வந்ததில்லை. ஏதாவது தப்பு செய்தால் பேச்சை நிறுத்திவிடுவேன். ஒருமுறை ஒரு விடுமுறை முழுவதும் பேசவில்லை. என்ன தப்பு என்று இப்போது எனக்கு ஞாபகம் இல்லை. வாசலில் நின்றுகொண்டு, "அண்ணா, ஒரு வார்த்தை பேசுங்கண்ணா" என்று அழுவாள். கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டுத்தான் நான் நிமிர்ந்து பார்ப்பேன். அப்படி வளர்ந்தவள் ஒழுங்காகத்தான் வளர்ந்தாள்.

கொட்டகையில் இருவர் இழுக்கிற பெரிய ரம்பம் ஒன்று இருக்கிறது. அதில் தள்ளக் கூடாது. நாம் இழுக்க வேண்டும், எதிராளி இழுக்கும்போது விட்டுக்கொடுக்க வேண்டும். வளர்ந்த ஆண்களுக்கே இது வராது, மல்லுக்கு நிற்பார்கள். அவளுக்கு வந்தது. நான் இழுத்தால் விடுவாள், நான் விட்டால் இழுப்பாள். எங்களுக்குள் பேச்சே தேவைப்படாது. அப்படி ஓர் ஆளை உங்களுக்குத் தெரியுமா ஐயா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

அவளுக்கு வந்த வரன்களை நான்தான் வேண்டாம் என்றேன். ஒவ்வொன்றிலும் ஒரு குறை இருந்தது. ஒருவன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மென்றான். தலையில் நரை தெரியத் தொடங்கியபிறகு ஒருநாள் மாலை ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து, "அண்ணா, இவர்தான்" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். அவர் உடற்பயிற்சிக் கூடத்தில் வேலை பார்ப்பவர். மற்றவர்களைத் தூக்கவிட்டுப் பக்கத்தில் நின்று எண்ணுவது ஒரு தொழில் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். "மச்சான், இனிமே நமக்குள்ள என்ன ஒளிவு மறைவு" என்று கட்டிப்பிடித்தார். வாசனைத் தைலம் என் சட்டையில் ஒட்டிக்கொண்டது. அந்தச் சட்டையை அப்புறம் கருவி துடைக்க வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாள் வாடகை வீட்டில் இருந்தார்கள். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார் என்று ஒருநாள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினார்கள். வேறு வீடு கிடைக்கும்வரை என்றார் மாப்பிள்ளை. வீடு தேடியதாக எனக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளைக்கு வீடியோ பைத்தியம். முதலில் தன் கைகால்களைக் காட்டி எடுத்தார், ஈ காக்கை பார்க்கவில்லை. பிறகு என் பழைய இரும்புக் கூடையிலிருந்து ஒரு கைக்கோடாரியை எடுத்துத் தீப்பொறி பறக்கச் சாணை பிடித்தார். உடம்பைப் பிடிக்கிற பனியன், கறுப்புக் கண்ணாடி, தீப்பொறி. ஜனங்களுக்கு வேறு என்ன வேண்டும். ஊரே பார்த்தது. கோடாரியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாத ஆளை மாஸ்டர் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். அவரும் என் கொட்டகையில் நின்றுகொண்டு, என் ஆணிகளைக் காட்டி, "இதெல்லாம் நம்ம கலெக்‌ஷன்" என்றார். செல்போனைப் பிடித்துக்கொண்டிருந்தது என் தங்கை. அந்த வீட்டில் எது யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

தண்ணீர் விஷயத்தைச் சொல்ல வேண்டும். கோடாரித் தலை ஆடினால், தலையோடு வாளித் தண்ணீரில் போட்டு வைப்பது மாப்பிள்ளையின் வித்தை. மரம் ஊறி உப்பும், தலை இறுகும். ஆனால் காய்ந்ததும் முன்பைவிடச் சுருங்கும், முன்பைவிட ஆடும். கோடாரியோடு பழகியவர்கள் இதைச் செய்ய மாட்டார்கள். "தண்ணியில போடாதீங்கன்னு சொல்லும்மா" என்று தங்கையிடம் சொன்னேன். அவள் சொன்னாள். மாப்பிள்ளை அதையே ஒரு வீடியோவாக்கிவிட்டார். "நம்ம மச்சான் இது தப்புங்கறாரு. செஞ்சே பாத்துருவோம்" என்று ஊறப்போட்டு, எடுத்து, தரையில் தட்டி, இறுகியிருப்பதைக் காட்டிச் சிரித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். மறுநாள் அது லொடலொட என்று ஆடியது. மறுநாளை யாரும் வீடியோ எடுப்பதில்லை.

இதையெல்லாம் சகித்துக்கொண்டேன். எனக்கு அவர்மேல் வெறுப்பு இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. சாப்பிடும்போது அவர் விரலைச் சூப்பும் சத்தம் கேட்டாலே எழுந்து கை கழுவிவிடுவேன். ஆனால் பிடிக்காதவர்களோடு ஒரே வீட்டில் எத்தனையோ பேர் ஆயுள் முழுக்க இருக்கிறார்கள்.

மூடிப்போன மர அறுவைக் கூடம் ஒன்றிலிருந்து எனக்கு ஒரு பெரிய கோடாரி கிடைத்திருந்தது. மரம் வீழ்த்துகிற கோடாரி. அதன் பக்கக் கன்னத்தில் நகத்தளவுக்கு ஓர் இலை முத்திரை, அதை அடித்த கொல்லரின் அடையாளம். சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்தேன், முத்திரைக்குள் குச்சியால்தான் சுத்தம் செய்வேன். ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் தங்கை ஓடி வருகிறாள். "அண்ணா, கண்ண மூடிக்கங்க" என்றாள். மூடிக்கொண்டேன். கையில் கனமாக ஒன்றை வைத்தாள். "இப்பத் தெறங்க. பாருங்க, முகம் தெரியுது."

தெரிந்தது. கண்ணாடிபோல என் முகம் தெரிந்தது. இலை இல்லை. கறுப்பு இல்லை. வாய் ஓரமெல்லாம் நீலம். "நல்லா இருக்கும்மா" என்றேன். அவளுக்கு ரொம்பச் சந்தோஷம்.

அதைச் சாணை பிடித்த வீடியோவை மறுநாள் வேலை செய்யும் இடத்தில், சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன். மாப்பிள்ளை கோடாரியைத் தூக்கிக் காட்டி, "இது நம்ம மச்சானோட செல்லப் பிள்ளை. பூட்டியே வச்சிருந்தாரு. இன்னைக்கு விடுதலை" என்றார். அது போகட்டும். அப்போது படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அண்ணன் இதுங்ககூடப் பேசுவாரு, தெரியுமா? தங்கம்னு கூப்பிடுவாரு, கண்ணுன்னு கூப்பிடுவாரு." மாப்பிள்ளை விடுவாரா. கோடாரியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, என் குரலில், "என் தங்கமே" என்று முத்தம் கொடுத்தார். பின்னால் இருந்தவள் சிரித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்ததில் படமே ஆடியது.

அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்த வாரமே, நான் பல் கொடுக்கப் போகிற மருத்துவமனை வாசலில் நிற்கும் காவலாளிகூட என்னை, "என்ன தங்கம், பல்லு ரெடியா?" என்று கேட்டான். அதற்காக நான் வருத்தப்பட்டேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு யாருடைய கேலியும் உறைப்பதில்லை.

வழக்கமாக என்றால் தங்கையோடு பேச்சை நிறுத்தியிருப்பேன். இந்த முறை நிறுத்தவில்லை. நன்றாகவே பேசினேன். சாப்பிட்டியா என்று கேட்டேன், புதுச் சேலை நன்றாக இருக்கிறது என்றேன். வித்தியாசம் அவளுக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் தெரிந்திருக்கும்.

சாணை பிடிக்க இறுக்கிப் பிடித்ததில் கோடாரியின் பழைய காம்பு விரிசல் விட்டிருந்தது. வீடியோ பார்த்தவர்களோ, கண்ணாடி மாதிரி இருக்கிறதே, வெட்டுமா என்று கேட்டு நச்சரிக்கத் தொடங்கிவிட்டார்கள். மாப்பிள்ளை கொட்டகை வாசலில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "மச்சான், கோவிச்சுக்காம ஒரு காம்பு மட்டும் போட்டுக் குடுங்க. வெட்டிக் காட்டணும்னு கேக்குறாங்க." போட்டுத் தருகிறேன் என்றேன். தங்கை உள்ளேயிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கோவம் போயிருச்சாண்ணா?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. கோபமே இல்லையே என்றேன்.

காம்புக்கு மரம் எலும்பு மாதிரிக் காய்ந்திருக்க வேண்டும். நான் ஒரு வருஷமாவது கொட்டகைப் பரணில் போட்டு வைத்த மரத்தைத்தான் எடுப்பேன். தலையின் துளைக்குள் காம்பை நுழைத்து, மேல் நுனியை நடுவில் ஆழமாகப் பிளந்து, அதில் காய்ந்த ஆப்பு ஒன்றை அடித்து இறக்க வேண்டும். ஆப்பு உள்ளே போகப் போகக் காம்பு விரிந்து துளையை அடைத்துக்கொள்ளும். பிறகு யானை இழுத்தாலும் வராது. பரணில் அப்படிப்பட்ட மரம் நிறைய இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. தெருமுனையில் காற்றுக்கு விழுந்த மரத்திலிருந்து ஒரு கிளையை அறுத்துக்கொண்டு வந்தேன். கத்தி வைத்தால் ஈரம் கசிகிற பச்சை மரம்.

பச்சை மரம் செதுக்கச் சுகமாக இருக்கும், வெண்ணெய் மாதிரி சீவிக்கொண்டு வரும். துளைக்குச் சரியாகச் செதுக்கினேன். பிளவை விரல் நகத்தின் ஆழத்துக்கு மட்டும் போட்டேன். அதில் சின்ன ஓர் ஆப்பு. மேலேயிருந்து பார்த்தால் ஆப்பு அடித்து முடித்த கோடாரி, உள்ளே ஒன்றும் கிடையாது. வேரே இல்லாமல் ஈறின்மேல் உட்கார்ந்திருக்கிற பல் நான் ஆயிரம் செய்திருக்கிறேன், எனக்கு அது பெரிய காரியம் இல்லை. எண்ணெயும் கொஞ்சம் சாயமும் தேய்த்துப் பச்சை தெரியாமல் செய்தேன். அன்றைக்கு அதை எடுத்து வெட்டியிருந்தால் நாள் முழுக்க வெட்டியிருக்கலாம், அசைந்திருக்காது. நான் செய்ததிலேயே நுணுக்கமான வேலை அது. உங்கள் ஆள் அதைக் காலால் புரட்டினார்.

அது மழைக்காலம். மாப்பிள்ளைக்கு அன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்று துடிப்பு. "இந்த மூட்டத்துல பளபளப்பு எங்க தெரியப்போகுது மாப்பிள்ளை? வெயில் வரட்டும்" என்றேன். அவர் என் தோளில் தட்டி, "நீங்க டைரக்டரா ஆகியிருக்கணும் மச்சான்" என்றார். கோடாரியைக் கூடத்தில் எல்லோரும் பார்க்கும்படி மாட்டிவைத்தார். அது அங்கே தொங்கிக்கொண்டு மெல்லக் காய்ந்தது. நான் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டுதான் உட்காருவேன். மிச்சக் கிளையிலிருந்து இன்னொரு காம்பும் செதுக்கினேன், பழகிக்கொள்ள. வெயில் தலைகாட்டத் தொடங்கியதும் கொல்லை மதிலோரம் விறகு வாங்கி அடுக்கினேன். வெட்டிக் காட்ட விறகு வேண்டும் என்பதை அண்ணன் எப்படி ஞாபகம் வைத்திருக்கிறார் பாருங்கள் என்று தங்கை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெயில் நன்றாக ஏறிய பிறகு ஒருநாள் மாப்பிள்ளை கோடாரியைக் கழற்றிக்கொண்டு வந்தார். "மச்சான், லேசா ஆடுதே." நான் வாங்கிப் பார்த்தேன். நினைத்த அளவுக்குச் சுருங்கியிருந்தது. "நீங்க எப்பவும் செய்யறதையே செய்ங்க மாப்பிள்ளை. உங்க வழியும் சரியாத்தான் இருக்கு" என்றேன். அவர் முகத்தில் வந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உள்ளே பார்த்து, "கேட்டியா, உங்கண்ணனே சொல்லிட்டாரு" என்று கூவினார். கோடாரி வாளிக்குள் போயிற்று.

மறுநாள் காலையில் அது கல்மாதிரி இறுகியிருந்தது. அவர் அதைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கி, தரையில் தட்டி, படத்துக்குக் காட்டினார். அப்புறம் பேச்சு. அவர் பேச ஆரம்பித்தால் லேசில் முடியாது. பனியன் மடிந்துவிட்டது, குரல் சரியில்லை என்று முதலிலிருந்து தொடங்குவார். அதுவரை கோடாரியை வெயிலில், தகரத்தின்மேல் வைத்திருந்தார். அங்கே வைத்தால் மின்னும் என்று சொன்னது நான். முற்பகல் முழுவதும் அது மின்னிக்கொண்டு கிடந்தது. உச்சி வெயிலில் அதை எடுத்தார். முதல் வெட்டு நன்றாக விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதை ஓங்கி இறக்கியபோது அவர் கையில் காம்பு மட்டும் இருந்தது.

பக்கத்து வீட்டில் துணி தைக்கிற அம்மா, நான் முதலில் ஓடிப்போய் எடுத்தது கோடாரித் தலையைத்தான் என்று சொல்லியிருக்கிறார். உண்மைதான். என் துணியால் துடைத்தேன். ரத்தத்தில் உப்பு இருக்கிறது, இரும்பில் கொஞ்ச நேரம் இருந்தாலே கறை விழுந்துவிடும். தங்கை பக்கத்தில் மாப்பிள்ளை இருந்தார், அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். அதற்கு இரண்டு பேர் தேவையில்லை. அவள் என் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அந்த அம்மா சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். அவர் இருந்த இடத்திலிருந்து அது தெரியாது.

இப்போது உங்கள் முகத்தில் ஓர் இரக்கம் தெரிகிறது. உங்கள் பக்கத்தில் எழுதிக்கொண்டிருப்பவர் தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறார், நன்றி. நீங்கள் என்ன முடிவுக்கு வந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. மாப்பிள்ளையைத் தீர்த்துக்கட்டப் பார்த்தான், குறி தவறிவிட்டது, பாவம், பெற்ற பிள்ளைபோல வளர்த்த தங்கையையே பறிகொடுத்துவிட்டான். அப்படித்தானே எழுதப்போகிறீர்கள்? அதுவும் உளுத்த காம்பு மாதிரித்தான் ஐயா. நான் வந்ததே இந்த மாதிரித் தப்புகளைத் திருத்தத்தான்.

நீங்கள் கோடாரி பிடித்ததில்லை என்று நினைக்கிறேன். தலை கழன்றால் பிடித்திருக்கிற ஆளுக்கு ஒன்றும் ஆகாது. கையில் காம்பு மிஞ்சும், தடுமாறி ஓர் அடி முன்னால் வைப்பார், அவ்வளவுதான். ஓங்கும்போது வேகம் கிடையாது. இறங்கும்போதுதான் வேகம். அந்த வேகத்தில் தலை நேர் எதிரே போகும். கோடாரியைத் தொட்டுப் பழகிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மாப்பிள்ளைக்குக்கூட இப்போது தெரிந்திருக்கும். எதிர் மதிலில் விறகு அடுக்கியிருக்கிறது, பார்த்திருப்பீர்கள். அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். செங்கல்லில் ஒரு பள்ளம் இருக்கும், என் நெஞ்சு உயரத்தில். இன்னொரு காம்பு செதுக்கினேன் என்றேன் இல்லையா, அதில் வேறொரு கோடாரித் தலையை மாட்டிக் காயவைத்து, விறகு அடுக்குவதற்கு முன்னால் நானே வீசிப் பார்த்ததில் விழுந்த பள்ளம் அது. அவள் என்னைவிடக் கொஞ்சம் குட்டை. அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

அன்று காலையில் அவள் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லையில் அங்கும் இங்கும் நடந்தாள். பக்கவாட்டில் நின்று பார்த்தாள், படி மேல் ஏறிப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, "எங்க நிக்கட்டும்ணா?" என்று கேட்டாள். அவள் என்னை ஒன்று கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. அவருக்கு நேர் எதிரே, விறகு அடுக்குக்கு முன்னால் நிற்கச் சொன்னேன். வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழும் என்றேன். "சரிண்ணா" என்று போய் நின்றாள். இடப்பக்கமாக இன்னும் ஓர் அடி என்று கையைக் காட்டினேன். தள்ளி நின்றாள். ரம்பம் இழுத்த காலத்தில் இருந்த மாதிரி, ஏன் எதற்கு என்று கேட்காமல் நின்றாள். எனக்கு அப்போது அவள்மேல் நிறையப் பிரியம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

மாப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அந்தக் கோடாரித் தலையை உங்கள் ஆட்கள் தண்ணீரில் கழுவாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் சாவுக்குக் காரணம் நான்தான். மரத்தைத் தேர்ந்தெடுத்தது நான், வெயிலைத் தேர்ந்தெடுத்தது நான், இடத்தைக் காட்டியது நான். எழுதிக்கொள்கிறவர் கொஞ்சம் நிதானமாகவே எழுதட்டும், எனக்கு அவசரம் இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் விட்டுப்போகக் கூடாது. அவள் தவழ்ந்த நாளிலிருந்து போன வாரம்வரை, ஒரு தடவைகூட நான் அவள்மேல் கை நீட்டியதில்லை. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.